இனுயிட் தொண்டைப்பாட்டு: பாட்டுக்குக் கைதட்டு, மொழிக்கு 2039 வரை காத்திருப்பு

நெய்தல்நிலவன்

கனடாவின் வடக்கே வாழும் பழங்குடி மக்களான இனுயிட் பெண்களின் தொண்டைப்பாட்டு பற்றி இங்கே யாரும் இழை தொடங்கவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். டிக்டாக்கிலோ யூடியூபிலோ பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு பெண்கள் எதிரெதிரே நெருங்கி நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், மூச்சும் உறுமலும் முனகலுமாக ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நிமிடம் போகும், கடைசியில் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள், அத்தோடு சரி. சிரித்தவள் தோற்றாள். மூச்சு முட்டி நிறுத்தினாலும் தோற்றாள். வட கியூபெக்கில் இருக்கும் நுனாவிக்கிலும் பாஃபின் தீவின் தென்பகுதியிலும் இதற்குக் கட்டஜ்ஜாக் என்று பெயர், மற்ற பகுதிகளில் வேறு பெயர்கள்.

ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும் நாட்களில் பெண்கள் தங்களுக்குள் விளையாடியது இது. காட்டு வாத்துக் கூட்டம், ஆறு, காற்று, நாய்க்குட்டி, கொசு, ரம்பம் அறுக்கும் சத்தம் என்று சுற்றிக் கேட்ட எல்லாமே தொண்டைக்குள் வந்துவிடும். அமௌட்டி என்று ஒரு மேலங்கி, அதன் முதுகுப் பையில் குழந்தை உட்கார்ந்திருக்கும்; அம்மா பாடும்போது அவள் உடம்பின் அதிர்வு நேராகக் குழந்தைக்குப் போகும். அதனால் தாலாட்டாகவும் பயன்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் பாதிரிமார் இதை ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி) சடங்குகளோடு சேர்த்துப் பார்த்து, பாவம் என்று சொல்லி நிறுத்தினார்கள். மேளத்துக்கும் அதே கதிதான். பல ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் இதைக் கேட்காமலே வளர்ந்தார்கள். அப்புறம் 1980களில் நுனாவிக்கின் புவிர்நிடுக் போன்ற ஊர்களில், மறக்காமல் வைத்திருந்த சில கிழவிகள் சின்னப் பெண்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். 2014இல் கியூபெக் அரசு தன் சட்டப்படி அங்கீகரித்த முதல் புலப்படா மரபுச் சொத்து எது தெரியுமா? இதுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பாட்டு மீண்டு வந்ததை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான், ஆனால் அதே மக்களின் மொழியில் பாடம் நடத்துவது பல பள்ளிக்கூடங்களில் மூன்றாம் நான்காம் வகுப்போடு நிறுத்தப்படுகிறது என்பதைப் பற்றிப் பேச ஆளில்லை. பாட்டைக் கேட்டு ரசிக்க மொழி தெரிய வேண்டாம், பெரும்பாலும் பொருளற்ற அசைகளும் மூச்சும்தானே. அதனால்தான் உலகத்துக்கு அது பிடித்துப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சுருதிப்பித்தன்

நல்ல இழை. ஒரு சந்தேகம், மங்கோலியாவிலும் ரஷ்யாவின் துவா பகுதியிலும் பாடுகிற கூமி இதே வகைதானா? அதுவும் தொண்டைப்பாட்டு என்றுதானே சொல்கிறார்கள்.

கார்மேகம்

பெயர்தான் ஒன்று, உத்தி வேறு. கூமியில் ஒரே ஆள் அடியில் ஒரு ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் இடத்தைச் சுருக்கியும் விரித்தும் அதன் மேல்சுரங்களில் ஒன்றைத் தனியாகக் கேட்கும்படி எடுத்துக்காட்டுவார், விசில் அடிப்பதுபோல ஒரு ராகம் மேலே மிதக்கும். இனுயிட் பாட்டில் மேல்சுர விளையாட்டு கிடையாது. அங்கே எல்லாம் தாளமும் மூச்சும்.

முதலில் ஒருத்தி ஒரு சின்ன ஒலித்துண்டைத் தொடங்குவாள், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள், ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு இடைவெளி விடுவாள். மற்றவள் அந்த இடைவெளிக்குள் புகுந்து அதே துண்டைச் சொல்வாள், அரைத் தாளம் தள்ளி. மூச்சை வெளியே விடும்போதும் ஒலி, உள்ளே இழுக்கும்போதும் ஒலி, சிலது குரலோடு, சிலது வெறும் காற்றாக. கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தம் யாரிடமிருந்து வருகிறது என்று வெளியில் இருக்கிற யாராலும் சொல்ல முடியாது. முதலாமவள் திடீரென்று துண்டை மாற்றுவாள், இரண்டாமவள் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், பிடிக்கத் தவறினால் சிரிப்புதான். முற்காலத்தில் உதடுகள் தொட்டுவிடும் அளவு நெருங்கி நின்று, ஒருத்தியின் வாய்க்குழியே மற்றவளின் ஒலிக்குக் குடமாக இருக்கும்படி பாடினார்களாம்.

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இசையியலாளர் ஜான்-ஜாக் நாத்தியேவின் குழு 1970களில் இதை நிறையப் பதிவு செய்தது. இதைப் பாட்டு என்பதைவிடக் குரல் விளையாட்டு என்பதே பொருத்தம் என்று அவர்கள் வாதிட்டார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சைபீரியாவின் சுக்சி மக்களிடமும், சக்காலின் தீவின் ஐனு மக்களிடமும் உறவுள்ள வடிவங்கள் இருந்தன. ஐனுப் பெண்கள் ரெக்குக்காரா என்று பாடியது, இரண்டு பேரும் கைகளைக் குழல்போல் வாயருகே குவித்துக்கொண்டு பாடுவார்கள். அதைத் தெரிந்த கடைசிப் பாடகி 1970களில் இறந்துபோனார். ஒலிநாடா இருக்கிறது, வாயால் கைமாறிய தொடர்ச்சி அறுந்துவிட்டது.

வன்னிமகள்

நான் மொன்றியலில் இருக்கிறேன். நுனாவிக்கிலிருந்து பெரிய வைத்தியத்துக்கு இங்கேதான் விமானத்தில் கூட்டிவருவார்கள், ஏனென்றால் அங்கே இருக்கும் 14 ஊர்களுக்கும் தெற்கிலிருந்து வீதியே கிடையாது. அதனால் இந்த நகரத்தில் இனுயிட் மொழியை பஸ்ஸில் கேட்கலாம், ஆஸ்பத்திரி வாசலில் கேட்கலாம்.

ஜூன் 21 பழங்குடி மக்கள் நாள் விழாவில் இந்தப் பாட்டை நேரே கேட்டிருக்கிறேன். வீடியோவில் தெரியாத ஒரு விசயம் நேரே தெரியும்: அந்தப் பெண்கள் சபையைப் பார்ப்பதே இல்லை. முழுக் கவனமும் எதிரில் நிற்பவளின் முகத்தில். நாங்கள் ஏதோ பக்கத்து வீட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. சிரிப்பு வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

2015 நவம்பரில் ட்ரூடோ பிரதமராகப் பதவியேற்ற விழாவில் 11 வயசுச் சிறுமிகள் இருவர் பாடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள், மண்டபமே சேர்ந்து சிரித்தது. ஒரு காலம் பாவம் என்று தடுத்த பாட்டை நாட்டின் ஆளுநர் மாளிகையில் இரண்டு சிறுமிகள் பாடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். நெய்தல்நிலவன் அண்ணா, நீங்கள் இதைக் கொஞ்சம் குறைவாக மதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பழையகூடம்

எனக்கு இந்த "மீட்பு" மேலேயே நம்பிக்கை இல்லை. மேடை, மைக், விருது என்று வந்தபிறகு அது வேறு பொருள். தான்யா டகாக் என்று ஒருவர் தனியாக நின்று கத்துகிறார், வயலினும் டிரம்ஸும் பின்னால். எதிரில் ஆள் இல்லாமல் எப்படி அது கட்டஜ்ஜாக் ஆகும்? கார்மேகம் சொன்ன இடைவெளியை யார் நிரப்புகிறார்? பழையதைப் பழையபடி வைத்திருக்க முடியாவிட்டால், பதிவு செய்து பத்திரமாக வைத்துவிட்டு, இறந்தது இறந்தது என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

நெய்தல்நிலவன்

வன்னிமகள், குறைவாக மதிக்கவில்லை. அந்தச் சிறுமிகளுக்காக எனக்கும் சந்தோஷம்தான். அந்த மண்டபத்தில் கைதட்டியவர்களிடம்தான் என் கேள்வி.

பழையகூடம் ஐயாவுக்கு: டகாக்கின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அவர் பிறந்தது 1975இல், கனடாவின் வடக்கு ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் மேற்குப் பகுதியில், கேம்பிரிட்ஜ் பே என்ற ஊரில். வளர்ந்த காலத்தில் அந்தப் பக்கம் இந்தப் பாட்டு வழக்கத்திலேயே இல்லை. ஹாலிஃபாக்ஸில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊர் ஏக்கத்தில் இருந்த மகளுக்கு அம்மா ஒலிநாடாக்களை அனுப்பிவைத்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். கூடப் பாட அங்கே ஒரு இனுயிட் பெண் கிடையாது. அதனால் இரண்டு பேர் பங்கையும் தானே பாடினார், அதுவே அவருடைய வடிவம் ஆகிவிட்டது. பிறகு 2004இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ஆல்பத்தில் பாடினார், 2014இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு வாங்கினார்.

அதாவது நீங்கள் குறை என்று காட்டுகிற அந்தத் தனிமைதான் அவருடைய வரலாறு. எதிரில் ஆள் இல்லாமல் போனதற்கு யார் காரணம்? அவர் அல்ல. அந்த இடத்தைக் காலியாகவே மேடைக்குக் கொண்டுவந்தார், நான் அவர் பாட்டை அப்படித்தான் கேட்கிறேன். பழைய வடிவமும் ஒன்றும் சாகவில்லை, நுனாவிக்கில் இன்றும் சிறுமிகள் இருவர் இருவராகத்தான் பாடுகிறார்கள். பேக்கர் லேக் ஊரின் நெல்சன் டகூனா என்ற இளைஞர் வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸோடு சேர்த்துப் பாடுகிறார், முன்பு ஆண்கள் பாடுவதே அபூர்வம். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டுமே.

சுருதிப்பித்தன்

அப்படியானால் ஒலிநாடாதானே காப்பாற்றியது? கார்மேகம் ஐனு உதாரணத்தில் ஒலிநாடா போதாது என்றார், இங்கே போதுமாக இருந்திருக்கிறது.

கார்மேகம்

ஒலி கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை. எதிரில் இருப்பவள் எப்போது துண்டை மாற்றுவாள் என்று அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை நாடா எப்படிச் சொல்லித்தரும்? ஆனால் நாடா வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதைக் கேட்கத் துடிக்கிற ஒரு பெண் 20 வருஷம் கழித்து வரலாம், வந்தாள் அல்லவா.

தேன்சிட்டு

2019இல் ஒரு பெரிய சண்டை நடந்ததே, அதையும் இங்கே சொல்ல வேண்டும். பழங்குடியினருக்கான இசை விருதுகளில் கிரீ இனத்துப் பாடகி ஒருவர் பரிந்துரைக்கப்பட்டார், அவர் பாட்டில் தொண்டைப்பாட்டு உத்தி இருந்தது. இனுயிட் பாடகிகள் எதிர்த்தார்கள், விருது அமைப்பு அசையவில்லை, டகாக், கெல்லி ஃபிரேசர், பிக்சிக் என்ற சகோதரிகளின் குழு எல்லாரும் விலகிக்கொண்டார்கள். கிரீ மக்களும் அதே வெள்ளையர் குடியேற்றத்தில் நொறுங்கியவர்கள்தான், அதனால் இது வெள்ளைக்காரர் திருடினார் என்ற எளிய கதை இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் சங்கடம். நல்ல எண்ணத்தோடு ஒரு பெண் கற்றுக்கொண்டு பாடினால் தடுக்கலாமா?

வன்னிமகள்

தடுக்கலாம் தங்கச்சி. கனடா முழுக்கவும் இனுயிட் மக்கள் ஏறக்குறைய 70,000 பேர்தான், 2021 கணக்கு. அதில் தடைக்குத் தப்பி இந்தப் பாட்டைக் கைமாற்றிய கிழவிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். மீட்டெடுத்து மூச்சு விடுவதற்குள் "இது எல்லாப் பழங்குடிகளுக்கும் பொது" என்று ஒரு விருதுக்குழு முடிவுசெய்தால் கோபம் வராதா? பாட்டை இரண்டு நாள் பட்டறையில் பழகலாம். சொந்தப் பாட்டியின் வாயை அடைத்தார்கள் என்ற பாரத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெண்கள் பாடுகிறார்கள், அது பட்டறையில் வராது.

தேன்சிட்டு

சேர்ந்து பாட அழைத்தால்? பியோர்க் அப்படித்தான் செய்தார்.

வன்னிமகள்

அழைப்பது நல்லது. அவர் டகாக்கைப் பாட வைத்தார், டகாக்போலப் பாடிக்காட்டவில்லை.

நெய்தல்நிலவன்

சரி, மொழிக்கு வருகிறேன், இழையை அதற்காகத்தான் தொடங்கினேன்.

நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியாகப் பிறந்தது. மக்கள்தொகை 2021 கணக்கில் சுமார் 37,000, 25 ஊர்கள், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை இல்லை. பெரும்பான்மை இனுயிட். 2008இல் இரண்டு சட்டங்கள் வந்தன, ஒன்று ஆட்சிமொழிச் சட்டம், இன்னொன்று இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டம். அதே ஆண்டு கல்விச் சட்டம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: 2019–20 கல்வியாண்டுக்குள் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா வகுப்பிலும் இருமொழிக் கல்வி. கெடு வந்தது, வேலை நடக்கவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள், படிப்படியாக 2039 வரை தள்ளிப்போட்டார்கள். 2021இல் இனுயிட் மக்களின் நில உரிமை அமைப்பான நுனாவுட் துங்காவிக் நீதிமன்றத்துக்குப் போனது. தங்கள் பெரும்பான்மைக்காகவே உருவாக்கப்பட்ட ஆட்சிப்பகுதியின் அரசு மேலேயே மொழிக்காக வழக்குப் போடும் நிலை!

காரணம் கேட்டால் ஆசிரியர் பற்றாக்குறை என்கிறார்கள். உண்மைதான். ஆசிரியர்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து சில வருடங்கள் இருந்துவிட்டுப் போகிறவர்கள், இனுக்டுட் (இனுயிட் மொழியின் பொதுப்பெயர்) தெரியாதவர்கள். ஆனால் உள்ளூர்ப் பெண்கள் ஆசிரியராகப் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் வீடு வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், படிக்கும்போது சம்பளம் வேண்டும், அங்கே வீட்டுப் பஞ்சம் எப்பேர்ப்பட்டது என்று தெரியும்தானே, ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். மொழியைக் காப்பாற்றுவது என்றால் இந்தப் பணத்தைத்தான் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் பே பக்கம் பேசும் இனுயின்னக்டுன் கிளைமொழிக்கு இப்போது சில நூறு பேர்தான் மிச்சம்.

ழகரன்

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நல்ல செய்தி. நுனாவுட் சட்டமன்ற விவாதங்கள் இனுக்டிடூட்டிலும் (இனுக்டுட்டின் கிழக்குக் கிளைமொழி) ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. அதிலிருந்து கனடா தேசிய ஆய்வுக் கழகம் சுமார் 13 லட்சம் வாக்கிய இணைகள் கொண்ட தரவுத்தொகுப்பை 2020இல் வெளியிட்டது. 2021இல் மைக்ரோசாஃப்ட் மொழிபெயர்ப்பில் இனுக்டிடூட் வந்தது, 2024இல் கூகுளிலும் வந்துவிட்டது. இத்தனை சின்ன மொழிக்கு இது பெரிய விஷயம். ஒரே சொல்லில் ஒரு முழு வாக்கியத்தை அடக்கும் மொழி அது, வேரோடு ஒட்டு, ஒட்டோடு ஒட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், அதனால் இயந்திரத்துக்குப் பெரும் சவால்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தனை தரவும் சட்டமன்றப் பேச்சு. பட்ஜெட், தீர்மானம், மாண்புமிகு உறுப்பினர். கடல்நாய்த் தோலைப் பதம் பண்ணுவது எப்படி, பனி எந்தப் பதத்தில் இருந்தால் வீடு கட்டலாம் என்று ஒரு பாட்டி பேசுவது அதில் எங்கே இருக்கும்?

எழுத்துச் சிக்கலும் உண்டு. கிரீ மொழிக்காக ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் உருவாக்கிய அசையெழுத்தைப் பிறகு இனுக்டிடூட்டுக்கும் கொண்டுவந்தார்கள், எட்மண்ட் பெக் பைபிளோடு சேர்த்துப் பரப்பினார். மேற்கிலும் லாப்ரடாரிலும் ரோமன் எழுத்து. 2019இல் கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு எல்லாப் பகுதிக்கும் பொதுவான ஒரு ரோமன் எழுத்துமுறைக்கு ஒப்புதல் கொடுத்தது. அசையெழுத்தை விட மனம் இல்லாதவர்கள் நிறைய, அவர்கள் பாட்டி தாத்தா கடிதம் எழுதியது அதில்தானே.

பழையகூடம்

பாட்டைத் தடுத்ததும் பாதிரி, எழுத்தைக் கொடுத்ததும் பாதிரி. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ழகரன்

இரண்டையும் சேர்த்தேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், பல ஊர்களில் இனுக்டிடூட் தொடர்ந்து எழுதப்பட்ட இடம் தேவாலயம். அதற்காகத் தடையை மன்னிக்கச் சொல்லவில்லை. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்த்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காக அவர்களை அடித்தார்கள், அதற்குக் கனடா அரசு 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பிள்ளைகள்தான் பிறகு தங்கள் குழந்தைகளிடம் மொழியைப் பேசப் பயந்த பெற்றோர்கள்.

கார்மேகம்

இக்லூலிக் ஊரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1970களில் வடக்கே தொலைக்காட்சி வந்தபோது பல ஊர்கள் வாங்கிக்கொண்டன, நுனாவுட்டின் இக்லூலிக் வேண்டாம் என்று வாக்களித்தது, 1975இலும் 1979இலும். ஆங்கிலம் மட்டுமே பேசும் பெட்டி வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இனுக்டிடூட் நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியபிறகுதான் 1983இல் சம்மதித்தார்கள். அதே ஊரில் வாழும் சகாரியஸ் குனுக் முழுக்க இனுக்டிடூட்டில் எடுத்த முழுநீளப் படம் 2001இல் கான் விழாவில் முதல்படத்துக்கான தங்கக் கேமரா வாங்கியது. அவருடைய நிறுவனத்தின் வழியில்தான் 2021 ஜனவரியில் உவாகுட் என்ற முழுநேர இனுக்டுட் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன ஒரு சின்ன ஊரின் பிடிவாதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தேன்சிட்டு

இது எனக்குப் புதிது. ஒரு ஊரே டிவி வேண்டாம் என்று வாக்களித்ததா!

வன்னிமகள்

எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெற்றோர்கள் "எங்கள் மொழியும் அழிகிறது, அவர்கள் நிலைதான் நமக்கும்" என்று பேசுவார்கள். அந்த ஒப்பீடு எனக்கு ஒத்துவரவில்லை. என் பிள்ளை தமிழை விட்டாலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் தமிழ் இருக்கும், அவன் 30 வயசில் மனம் மாறினால் போய்க் கற்றுக்கொள்ள ஒரு ஊர் இருக்கிறது. இனுயிட் பிள்ளை தன் சொந்த ஊரில், தன் சொந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே மொழியை இழக்கிறது. நாங்கள் வந்து குடியேறிய நாட்டின் அரசு செய்தது இது. இப்போது நாங்களும் அந்த நாட்டின் குடிமக்கள், வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வடக்கின் பள்ளிகளைப் பற்றியும் கேளுங்கள். நான் கேட்பேன்.

நெய்தல்நிலவன்

வன்னிமகள் அக்கா சொன்னது கனடாவில் இருக்கிற எல்லாருக்கும். இங்கே நிறையப் பேர் ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறீர்கள்.

சுருதிப்பித்தன் தனிமடலில் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தார், பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் யுனெஸ்கோ தொகுப்பில் வந்த பழைய பதிவுகள், நாத்தியே குழு வெளியிட்டவை, நூலகங்களில் கிடைக்கும், இணையத்திலும் இருக்கின்றன. அதில் ஒவ்வொரு ஆட்டமும் சிரிப்பில் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். அப்புறம் நுனாவிக்கின் ஷினா நோவலிங்கா தன் அம்மாவோடு பாடும் டிக்டாக் வீடியோக்கள், அம்மா தொடங்க மகள் பிடிப்பது தெளிவாகத் தெரியும். டகாக்கைக் கடைசியில் கேளுங்கள், இரண்டு பேர் பாடுவது காதில் பழகியபிறகு கேட்டால்தான் அவர் தனியாக என்ன செய்கிறார் என்று புரியும். சொற்களோடு பாட்டு வேண்டுமென்றால் சல்லுயிட் ஊரில் பிறந்த எலிசாப்பி 2023இல் வெளியிட்ட ஆல்பம் இருக்கிறது, தன் சிறுவயதில் ஊர் முழுக்கக் கேட்ட ராக், பாப் பாடல்களை இனுக்டிடூட்டில் பாடியிருக்கிறார்.

நுனாவுட் வழக்கில் தீர்ப்பு வரும்போது அந்தச் செய்தியை இங்கேயே போடுகிறேன். இழையைப் பூட்ட வேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.